சாலோமி வாங்காத ரைஃபிள்

துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுக் கொடுத்த பிறகு சாலோமியிடம் தெருக்காரர்கள் பேசுகிற விதமே மாறிப்போனது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா, முன்னெல்லாம் குழம்பு வைத்த கதை வரைக்கும் வாசலில் நின்று பேசுகிறவள், இப்போது "சுகமா இருக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுகிறாள். விசாரணைக்கு வந்த காவலர் நாலு வீடு ஏறி இறங்கி, "இந்தம்மாவுக்கு யார்கூடயாவது பகை உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனதன் பலன் அது. அப்படி ஒரு கேள்வி தெருவில் விழுந்துவிட்டால் பதில் இல்லாமலே அது வேர்பிடித்துக்கொள்ளும்.

சாலோமிக்குப் பகை என்று யாரும் கிடையாது. பகை பிடிக்க அவள் ஊரிலேயே இருந்ததில்லை. இருபது வயதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மகளிர் பட்டாலியனில் சேர்ந்தவள், காஷ்மீர், மணிப்பூர், சத்தீஸ்கர் என்று சுற்றி, தலைமைக் காவலராக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தாள். கணவன் ஞானதுரை ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். இத்தனை வருஷம் லீவுக்கு மட்டும் வந்துபோன மனைவி வீட்டோடு வந்தது அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் காலையில் தெரு விழிக்கும் முன்பே எழுந்து, படுக்கையை மடித்து, வாசலில் சும்மா நிற்கிற மனைவியை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

வேலைக்குப் போகலாம் என்று அவள் தீர்மானித்தபோது, நகைக்கடன் கம்பெனி ஒன்றில் பெண் காவலர் தேடினார்கள். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றார்கள். வெறுங்கையோடு நின்றால் கதவு திறந்துவிடும் ஆள். துப்பாக்கியோடு நின்றால் 'கன்மேன்'. பெண்ணுக்கு அந்தப் பேரில் வேறு வார்த்தை இல்லை.

மனுக் கொடுத்தாள். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நரைத்த மீசைக்காரர், அவசரப்படாதவர். சாலோமியின் பணிச் சான்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"துப்பாக்கி யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"லைசென்ஸ் உங்க பேருக்கு. அது தெரியுது. துப்பாக்கி யாருக்குன்னு கேக்கேன்."

சாலோமிக்குக் காது சூடேறியது. கூட வந்திருந்த ஞானதுரை, தன்னைத்தான் சொல்கிறார் என்று பதறி, "ஐயோ சார், எனக்குப் பட்டாசு வெடிக்கவே பயம்" என்றான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"இந்த ஜில்லாவுல ஒருத்தர் ஆயுதம் வேணும்னு வந்தா, அதுக்குப் பின்னால ஒரு வயக்காடு இருக்கும், இல்லேன்னா ஒரு பழைய கொலை இருக்கும். பட்டாளத்துல இருந்து வந்தவங்க பேர்ல லைசென்ஸ் சுலபமா கிடைக்கும்னு சொந்தக்காரங்க தூண்டிவிடுறதும் உண்டு. அதனால கேக்கேன். கூடப்பிறந்தவங்க யாரு?"

"ஒரு தம்பி. பொன்சிங். முக்கூடல்ல வாழை போட்டிருக்கான்."

"அவர் மேல வழக்கு, தகராறு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

அது உண்மை. பொன்சிங்கோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. அவன் விஜயஸ்ரீ என்ற சைவ வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தபோது சாலோமி மணிப்பூரில் லீவு கிடைக்காமல் கிடந்தாள். அக்கா வேண்டுமென்றே வரவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். போனில் அவள் சொன்ன சமாதானம் எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அப்படியே விட்டுப்போனது.

எப்படியோ லைசென்ஸ் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் துப்பாக்கி வாங்கிப் பதிய வேண்டும். ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு அவள் ஜங்ஷன் பக்கம் இருந்த அகமது மீரானின் கடைக்குப் போனாள். மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி விற்கிற கடை. கண்ணாடி அலமாரியில் சங்கிலி கோத்து நிறுத்திய துப்பாக்கிகள், அவற்றுக்குக் கீழே விளையாட்டுக்கான ஏர்கன்கள், ஒரு மூலையில் கத்தரிக்கோல் சாணை பிடிக்கிற சக்கரம்.

மீரான் எழுந்து நின்று ஞானதுரையைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, எதுக்குப் பாக்கிய? பன்னி விரட்டவா?" என்றார்.

"வாங்குறது நான்தான் அண்ணாச்சி" என்று சாலோமி லைசென்ஸை எடுத்து வைத்தாள்.

மீரான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். போட்டோவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். சாலோமிக்கு எரிச்சல் வந்தாலும் அந்த மனிதர் மீது ஒரு நம்பிக்கையும் வந்தது. இவ்வளவு சந்தேகப்படுகிறவன் கள்ளச் சரக்கு விற்கமாட்டான்.

"எந்த மாதிரி நினைச்சிருக்கிய தங்கச்சி?"

"நான் இத்தனை வருஷமா தூக்குனது தானே குண்டேறுற ரைஃபிள். அழுத்த அழுத்தச் சுடும். அது மாதிரி ஒண்ணு, ரொம்ப விலை இல்லாம."

"அந்தச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எல்லாம் மறந்துருங்க. நம்மள மாதிரி ஆளுகளுக்கு அது தடை வகை. அந்தக் காலத்து எஸ்டேட் தொரைமாரு லைசென்ஸ்ல ஒண்ணு ரெண்டு சின்னது கிடக்கும். அதைப் பேரு மாத்தி வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. டெல்லி வரைக்கும் போகணும்."

அவர் வேறு மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று கையால் இழுத்துத் தள்ளிக் குண்டேற்றும் ரைஃபிள். சாலோமி அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பழகிய கனம். ஆனால் கடைத்தெருவில் நிற்கிற காவலாளிக்கு அது ஆகாது என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு குண்டு திருடனைத் துளைத்துக்கொண்டு போய் எதிர்க்கடையில் புடவை பார்க்கிறவளையும் துளைக்கும். இரண்டாவது, குழலுக்குக் கீழே உள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்துச் சுடும் பம்ப் துப்பாக்கி. பார்க்கப் பயங்கரமாக இருந்தது, விலையும் அப்படியே. மூன்றாவது பழைய மாதிரி ரெட்டைக்குழல். இரண்டு தோட்டா, இரண்டு வெடி, அவ்வளவுதான்.

"பாங்கு வாசல்ல எல்லாம் நிக்குதது இதுதான்" என்றார் மீரான்.

சாலோமி அதைக் கையிலெடுத்து உடனே கீழே வைத்தாள். இருபது குண்டு போட்ட துப்பாக்கியோடு மலைப்பாதையில் நின்றவளுக்கு அது ஏதோ வயற்காட்டு வெடிபோலப் பட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டாள்.

அந்த வாரமே பொன்சிங் வந்தான்.

நாட்டுப்பழத் தார் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, "அக்கா" என்று வாசலில் நின்றான். ஆள் மெலிந்திருந்தான், கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.  "வாலே, உள்ள வா" என்று தாரை வாங்கி இறக்கிவைத்தாள். அவசரமாகப் போய்ச் சாளை மீன் வாங்கிவந்து, பொரித்து, சோறு போட்டாள். அவன் சாப்பிட்டபடியே, "லைசென்ஸ் கிடைச்சிட்டாமே" என்றான்.

சாலோமியின் கை கரண்டியோடு நின்றது. லைசென்ஸ் வந்ததை அவள் சொந்தக்காரர் யாரிடமும் சொல்லவில்லை.

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன்" என்றான் ஞானதுரை, தட்டைப் பார்த்துக்கொண்டு. "அவன் போன் பண்ணுனான். எத்தனை நாளுக்கு அக்கா தம்பி பேசாம இருப்பியன்னுதான்..."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மீனைப் பற்றி, அம்மாவைப் பற்றி, விஜயஸ்ரீயைப் பற்றி பொன்சிங் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் துப்பாக்கிதான்.

"பட்டாளத்துல இருந்துட்டு நீ போயி ரெட்டைக்குழல் வாங்குவியாக்கா? கேவலமா இருக்கும். செமி ஆட்டோமேட்டிக் ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்கு. மலை மேல எஸ்டேட்ல மேனேஜரா இருந்தவரு வச்சிருந்தது. அவரு தவறிட்டாரு. மருமகன் களக்காட்டுல இருக்கான். பேப்பர் எல்லாம் அவனே மாத்தித் தருவான். கொஞ்சம் கூடுதல் ஆச்சுன்னா நான் போட்டுக்கிடுதேன்."

"நீ எதுக்குப் போடணும்?"

"அக்காவுக்குத் தம்பி செய்யக்கூடாதா?"

ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. சாலோமிக்குக் கலங்கவில்லை. பொன்சிங் கை கழுவிவிட்டு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "துப்பாக்கிய எங்கன வைப்ப? பீரோவுலயா? சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். சோதனைச் சாவடியில் வருஷக்கணக்கில் நின்றவளுக்கு, சாதாரணமாகக் கேட்கப்படுகிற கேள்வி எது, அப்படிக் கேட்பதுபோல் கேட்கப்படுவது எது என்று வித்தியாசம் தெரியும். சொந்தத் தம்பியிடம் அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்தத் தெருவும் அந்த இன்ஸ்பெக்டரும் என்னையும் அவர்களைப்போல் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்தக் கோபத்தில்தான் களக்காட்டுக்குப் போகச் சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பொன்சிங் ஒரு காரில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டான். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை நெருங்கி வந்தது. வழியெல்லாம் ஞானதுரை பேசிக்கொண்டே வந்தான். பொன்சிங் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளை அடிக்கடி பார்த்தான். சாலோமி, அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

வீடு களக்காட்டு ஊருக்கு வெளியே, வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. மருமகன் என்று சொல்லப்பட்ட சுந்தருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. வீட்டில் பெண்கள் நடமாட்டமே இல்லை. மாமனார் படம் என்று சுவரில் எதுவும் இல்லை. டீ கொடுத்தான், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பொதியை இழுத்து அவிழ்த்தான்.

சின்ன ரைஃபிள்தான். ஆனால் அழகானது. வால்நட் மரக்கட்டை, ஒடுங்கிய குழல். சாலோமி அதை வாங்கியதும் கை தானாக அதன் வழிக்குப் போயிற்று. குண்டுக்கூட்டைக் கழற்றினாள், குண்டு உட்காரும் அறை காலி என்று பார்த்தாள், குழலைத் தரைக்குத் திருப்பினாள். தோளில் வைத்தபோது ஒரு நிமிஷம் எல்லாச் சந்தேகமும் போய்விட்டது. இத்தனை மாதம் உடம்பில் ஏதோ ஓர் உறுப்பு இல்லாமல் நடந்ததுபோல் இருந்தது இப்போது சரியானது. வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கூச்சமில்லாமல் தோன்றியது.

"எப்படிக்கா?" என்றான் பொன்சிங். அவன் கண்ணும் அந்த ரைஃபிள்மேல்தான் இருந்தது.

அவள் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விசைக்கு மேலே, இரும்பில் எண் அடித்திருக்கிற இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. பழைய இரும்புக்கு வருகிற கருநீலம் அங்கே மட்டும் இல்லை. கட்டைவிரலால் தடவினாள். லேசாகப் பள்ளம் தட்டியது. அந்தப் பள்ளத்துக்குள் எண்கள் புதிதாக, கொஞ்சம் கோணலாக நின்றன.

"பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள்.

"வக்கீல்கிட்ட இருக்கு மேடம். நீங்க கையெழுத்துப் போடுற அன்னிக்கு வந்துரும்" என்றான் சுந்தர். சிரிப்பு மாறவில்லை. ஆனால் அவன் பார்வை அவள் கட்டைவிரலில் இருந்தது.

சாலோமி ரைஃபிளைச் சாக்கின்மேல் பைய வைத்தாள். "நல்ல உருப்படிதான். வீட்ல பேசிட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்தாள்.  திரும்பி வரும்போது நாங்குநேரிப் பாதையில் போகலாமா என்று ஞானதுரை கேட்டான்; பொன்சிங் வந்த பாதையிலேயே காரைத் திருப்பினான்.

மறுநாள் மீரானின் கடைக்குத் தனியாகப் போனாள். யாரோ சொன்னதுபோலச் சுற்றி வளைத்து, "கைமாத்துத் துப்பாக்கியில நம்பரை அரம் போட்டு ராவி மாத்தியிருந்தா என்ன அர்த்தம் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

மீரான் சாணைச் சக்கரத்தை நிறுத்தினார். எழுந்து போய்க் கடையின் பாதிக் கதவைச் சாத்தினார்.

"நீங்க கேள்விப்பட்டியளா, கண்ணால பாத்தியளா?"

சாலோமி தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"பாத்திருந்தா எங்கிட்டச் சொல்லாதிய. களவு போனதாத்தான் இருக்கும், இல்லேன்னா ஏதாவது கேசுல பட்டதா இருக்கும். உங்க கைரேகை அதுல இருக்கா?" அவள் முகத்தைப் பார்த்து அவரே பதிலைத் தெரிந்துகொண்டார். "நாளைக்கு அதுல ஒருத்தன் செத்தான்னு வைங்க, முதல்ல தேடுறது உங்களத்தான். யாரு கூட்டிட்டுப் போனா?"

"தெரிஞ்ச ஆளு."

"தெரிஞ்ச ஆளுதான் கூட்டிட்டுப் போவான். தெரியாத ஆளு எதுக்குக் கூட்டிட்டுப் போறான்" என்றார் மீரான்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. முக்கூடல் பஸ்ஸில் ஏறினாள். பொன்சிங் வீட்டில் இருக்கமாட்டான் என்று கணக்குப் போட்டுத்தான் போனாள். தன் தம்பி வீட்டுக்குத் தம்பி இல்லாத நேரம் பார்த்துப் போகிறோம் என்பது பஸ் முழுக்க உறுத்திக்கொண்டே வந்தது.

விஜயஸ்ரீயை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒடிசலான பெண். வாசல் கதவில் உள்ளே மூன்று தாழ்ப்பாள் போட்டிருந்தது. யாரென்று சன்னல் வழியாகப் பார்த்து, போட்டோவில் பார்த்த முகம் என்று அடையாளம் தெரிந்த பிறகே திறந்தாள். காப்பி கலந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டு, "மயினி, நீங்க துப்பாக்கி வாங்கிட்டியளா?" என்று கேட்டாள். 

"இன்னும் இல்ல."

விஜயஸ்ரீ கையெடுத்துக் கும்பிட்டாள். "வாங்காதிய. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பிறகு எல்லாம் வந்தது. ஆற்றுப்பாசன வாய்க்காலை ஒட்டிப் பொன்சிங்கின் தோட்டத்துக்குப் போகிற பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரன் வேலி போட்டு அடைத்துவிட்டான். வழக்குப் போட்டிருக்கிறது. நடுவில் ஒருநாள் பொன்சிங்கின் வாழையில் பாதியை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். இன்னொரு நாள் சந்தையில் வைத்து நாலு பேர் அவனைப் பிடித்துத் தள்ளி, வேட்டியை உருவிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை.

"அவமானத்தை அவுகளால தாங்க முடியல மயினி. எங்கக்கா வீட்டுக்குத் துப்பாக்கி வரட்டும், அப்புறம் இருக்குன்னு சொல்லுதாவ. ஒவ்வொரு நாளும் சொல்லுதாவ."

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. பொன்சிங் உள்ளே வந்தவன், அக்காவைக் கண்டதும் மனைவியைத்தான் பார்த்தான். விஜயஸ்ரீ அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"வேவு பாக்க வந்தியாக்கா?"

"ஆமா" என்றாள் சாலோமி. "எதுக்குலே துப்பாக்கி?"

"சுடவா போறேன்? ஒருதடவ தோட்டத்துல நின்னு காட்டணும். அவ்வளவுதான். ரெட்டைக்குழலைக் காட்டுனா ரெண்டு வெடியோட தீந்துரும்னு அவனுக்குத் தெரியும். இதுன்னா நெருங்கமாட்டான்."

"காட்டுவ. அவன் போகமாட்டான். அப்புறம் என்ன செய்வ?"

பொன்சிங் வண்டிச் சாவியை உள்ளங்கையில் உருட்டினான்.

"நான் பாத்திருக்கேன்லே. சும்மா மிரட்டுறதுக்குன்னு கொண்டுவந்ததுல செத்தவங்களைத் தூக்கியிருக்கேன், இந்தக் கையால. சுட்டவனும் உன்னை மாதிரித்தான் இருந்தான். அழுதுகிட்டு இருந்தான்."

"உனக்கென்ன? நீ யூனிபாரம் போட்டுகிட்டு வருஷக்கணக்கா துப்பாக்கியோட நின்ன. எவன் உன் சேலையப் பிடிச்சு உருவுனான்?" அவன் குரல் உடைந்தது. "ஊரெல்லாம் என்னையச் சந்தேகமாப் பாக்கு. நீயுமா?"

சாலோமிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்டாக வேண்டும்.

"அந்த ரைஃபிள்ல நம்பர் ராவியிருக்கு. உனக்குத் தெரியுமா?"

அவன் உடனே பதில் சொல்லியிருந்தால், தெரியாது என்று சொல்லியிருந்தால், அவள் நம்பியிருப்பாள். அவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நம்பர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. சுடுதுல்லா?" என்றான்.

தெரிந்துதான் தன் பேரில் அதை வாங்க வைக்கப் பார்த்தானா, இல்லை, வீம்புக்குச் சொல்கிறானா என்று அவளுக்குப் புலப்படவில்லை. தான் வாங்கவில்லை என்றால் அவனே வாங்குவான் என்பது மட்டும் புலப்பட்டது.

பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"உங்களை அங்க கூட்டிட்டுப் போனது யாரு?"

இந்தக் கேள்விக்கு வழியெல்லாம் பல பதில்களைச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் உண்மைதான் வந்தது.

"என் தம்பி."

"தகராறு ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்க."

"எனக்குத் தெரிஞ்சு இல்லேன்னு சொன்னேன் சார். இப்பத் தெரியுது. அவன்மேல, பாதையை அடைச்ச பக்கத்துத் தோட்டக்காரனுக்கு என்ன கோபம்னும் விசாரிங்க. வாழைய வெட்டுனது யாருன்னும் விசாரிங்க. ஒரு பக்கத்தை மட்டும் பாக்காதிய."

இன்ஸ்பெக்டர் அவளை நெடுநேரம் பார்த்தார். நம்புகிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தம்பியைக் கொடுக்கிறாள் என்று நினைக்கிறாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. "ஒரு டீ சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான்.

சுந்தர் இரண்டாம் நாளே பிடிபட்டான். எஸ்டேட் மேனேஜருக்கு மருமகனும் இல்லை, ஒன்றும் இல்லை. மலையில் பூட்டிக்கிடந்த பழைய பங்களா ஒன்றிலிருந்து காணாமல் போன ரைஃபிள் அது என்று தெரிந்தது. அதை வைத்து வேறு யாரிடமெல்லாம் முன்பணம் வாங்கியிருந்தான் என்பது தனிக்கதை. பொன்சிங்கையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் போனவன் மறுநாள் மாலைதான் வந்தான். அப்புறமும் பலதடவை கூப்பிட்டார்கள். அவன்மேல் வழக்குப் பதியவில்லை. வாய்க்கால் தகராறில் இரண்டு பக்கத்தாரையும் வரவழைத்து, அமைதியாக இருப்பதாக எழுதி வாங்கினார்கள். தாசில்தார் வந்து அளந்து, வேலியைப் பிரித்துப் பாதையைத் திறந்துவிட்டார். யாரும் சாகவில்லை. வாழை மறுபடியும் வைத்தான்.

சாலோமியை யாரும் மெச்சவில்லை. விசாரணை முடியும் வரை அவள் லைசென்ஸையும் நிறுத்திவைத்தார்கள். நகைக்கடன் கம்பெனி வேறு ஆள் பார்த்துக்கொண்டது. எதிர்வீட்டு டீச்சரம்மா, "சொந்தத் தம்பியவே பிடிச்சுக் குடுத்துட்டாளாம்" என்று பேசியது காதுக்கு வந்தது. அதைவிட ஞானதுரையின் மௌனம்தான் பாரமாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி, "நாளைக்கு எம்மேல சந்தேகம் வந்தாலும் நேர ஸ்டேஷனுக்குத்தான் போவியா?" என்று கேட்டான்.

"உங்ககிட்ட முதல்ல கேப்பேன்" என்றாள்.

"அவன்கிட்டயும் கேட்டல்லா."

"கேட்டேன். அவன் பதில் சொல்லல."

ஞானதுரை சோற்றைப் பிசைந்தான். "அந்த ரைஃபிள் நல்லாத்தான் இருந்தது" என்றான். "ஆமா" என்றாள் அவள். 

மழைக்காலம் முடிந்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தபோது, அவள் மீரானின் கடைக்குப் போய் அந்தப் பழைய ரெட்டைக்குழலையே கேட்டாள். மீரானுக்கு ஆச்சரியம்.

"அன்னிக்கு வேண்டாம்னு வச்சியள?"

சாலோமி துப்பாக்கியை வாங்கி, நடுவில் மடக்கித் திறந்தாள். இரண்டு குழலும் விரிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் இரண்டு வட்டமாகத் தெரிந்தது.

"இதுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு யாருக்கு வேணும்னாலும் திறந்து காட்டலாம் அண்ணாச்சி. எனக்கு இனிமே அதுதான் வேணும்" என்றாள்.

மீரான் அன்றும் லைசென்ஸை முதலிலிருந்து கடைசிவரை படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்த பிறகுதான் துப்பாக்கியைக் கொடுத்தார். வேலையில்லாத நாட்களில் வீட்டில் வைக்க விருப்பமில்லை என்று அவள் சொன்னபோது, முறைப்படி ரசீது போட்டு அவரே கடையில் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை.

வேறொரு நகைக்கடன் கம்பெனியில், முருகன்குறிச்சிப் பக்கம், அவளுக்கு வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தொப்பி, தோளில் ரெட்டைக்குழல். உள்ளே வருகிறவர்களின் முகத்தையும் கையையும் பையையும் பார்ப்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் என்று ஞானதுரை கேலி செய்கிற அளவுக்கு வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. விஜயஸ்ரீ எப்போதாவது போன் செய்வாள். துப்பாக்கியை வீட்டில் வைப்பதில்லை, மீரானின் கடையில்தான் என்று சாலோமி அவளிடம் சொல்லியிருந்தாள். விஜயஸ்ரீக்குப் பெண் பிறந்ததும், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் அப்படித்தான் தெரிந்தது. அழைப்பு வரவில்லை.

சித்திரையில் ஒருநாள் உச்சி வெயில். தெருவில் அதிகம் ஆளில்லை. ஹெல்மெட் போட்ட ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் ஒரு துணிப்பையோடு வேகமாகப் படியேறினான். சாலோமியின் வலது கை தோள்வாரிலிருந்து இறங்கித் துப்பாக்கியின் கட்டைமேல் போய் நின்றது. "ஹெல்மெட்டைக் கழத்துங்க" என்றாள்.

அவன் கழற்றினான். பொன்சிங்.

பிள்ளைக்குப் போட, அடகில் இருந்த நகையைத் திருப்ப வந்தவனோ, வேறெதற்கு வந்தவனோ, அவள் கேட்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எடுத்தாள். எடுப்பதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்தது.

"பையைத் திறக்கணுமாக்கா?" என்று கேட்டான்.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பதுதான் அந்தக் கம்பெனியின் வழக்கம்.

"திற" என்றாள் சாலோமி.

அவன் திறந்தான். ஒரு ரசீது, ஒரு தண்ணீர் பாட்டில், பிள்ளைக்கு வாங்கிய சின்னத் தொப்பி ஒன்று. அவள் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே போய் வேலை முடிந்து திரும்பும்போது அவன் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான்.

"ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். அத்தானையும் கூட்டிட்டு வா" என்றான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "துப்பாக்கியக் கடையில வச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். சிரித்துக்கொண்டு சொன்னானா, குத்திச் சொன்னானா என்று அந்தக் கண்ணாடிக்குள் தெரியவில்லை.